தாழ்ப்பாள் சத்தம்

விட்பி
24.06.1996

திரு. கோணேஸ்வரன் அவர்களுக்கு,

இரத்தினவேல் எழுதிக்கொள்வது. சனிக்கிழமை உம்முடைய பேஸ்மென்றில் கரண்டியை எறிந்துவிட்டு நான் வெளிக்கிட்டது கோபத்தில்தான். வயது போனவர், களைத்துவிட்டார் என்று உமக்கு நீரே சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

போனில் திட்டியிருக்கலாம். ஆனால் விட்பியிலிருந்து அஜின்கோர்ட்டுக்கு லோங் டிஸ்ரன்ஸ், நிமிடக் கணக்கில் காசு. நான் மனதில் வைத்திருப்பதைத் திட்டி முடிக்க ஒரு மணித்தியாலம் பிடிக்கும். ஆகவே முத்திரை ஒட்டித் திட்டுகிறேன்.

கேள்வி ஒன்றுதான். என் முகம் எங்கே?

இரண்டு மாதம் தாடி வளர்த்தேன். அலுமாரி செய்கிற பக்டரியில் அது மெஷினுக்குள் சிக்கும் என்று சுப்பவைசர் ஒருநாள் விடாமல் முறைத்தான். கோயிலில் கண்டவர்கள் நேர்த்திக்கடனா என்று கேட்க, ஓம் என்று முருகனையும் ஏமாற்றினேன். ஏழு சனிக்கிழமை வந்து சுவர் சுரண்டினேன். எட்டாவது சனிக்கிழமைதான் நீர் தேத்தண்ணி போடப் போன நேரம் கமராவில் எடுத்ததைத் திருப்பி ஓட்டிப் பார்த்தேன். கை. வெறும் கை. மணிக்கட்டுக்கு மேலே இரத்தினவேல் என்ற மனிதனே இல்லை.

அன்றைக்கு மட்டும் ஐம்பத்திமூன்று தரம் சுரண்டினேன். ஒவ்வொரு தரமும் நீர் சொன்னது ஒரே சொல்: "இன்னொருக்கா."

இது யாருடைய கதை, தம்பி? எண்பத்தாறில் ஊரில் ஆமியிடம் பிடிபட்டு, பழைய நெற்களஞ்சியம் ஒன்றில் முப்பத்தொரு நாள் அடைபட்டுக் கிடந்து, சாப்பாட்டுக் கரண்டியால் சுவரைச் சுரண்டி, யன்னல் கம்பியைப் பிடுங்கி, மதில் பாய்ந்து, நாய் துரத்தத் துரத்த ஓடிவந்தவன் நான். நான் உள்ளே கிடந்த பதினோராம் நாள்தான் என் மகள் சஜிதா பிறந்தாள். அதனால் வருடா வருடம் அவளுடைய பிறந்தநாளில் கேக் வெட்டின பிறகு சபை கூடி என்னிடம் இந்தக் கதையைக் கேட்கும். நீரும் அங்கேதானே கேட்டீர்? கையில் இருந்த ரோல்ஸைக் கடிக்க மறந்து, "அண்ணை, உதை நான் படமாக்கப்போறன்" என்றீர். அப்போது கையை மட்டும்தான் எடுப்பேன் என்று சொன்னீரா?

கோயில் திருவிழா நாடகத்தில் பதினொரு வருடம் ராஜபார்ட் கட்டினவன் நான். மில்லிக்கனில் இருக்கிற சொந்தக்காரர் எல்லாருக்கும் நான்தான் கதாநாயகன் என்று சொல்லியாயிற்று. இனி அவர்களிடம் போய், திரையில் தெரிகிற பெருவிரலைக் காட்டி, "உது நான்தான்" என்று சொல்லவா?

இப்படிக்கு,
முகமுள்ள இரத்தினவேல்


அஜின்கோர்ட்
01.07.1996

அன்புள்ள இரத்தினவேல் அண்ணை,

கரண்டி பத்திரமாக இருக்கிறது. சற்று வளைந்துவிட்டது. வளைந்ததும் நல்லதுதான், இப்போதுதான் சிறைக் கரண்டி மாதிரி இருக்கிறது.

முகத்தை எடுக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லாதது என் பிழை. சொன்னால் வரமாட்டீர்கள் என்று பயந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு நூலகத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் காட்டினார்கள். இரண்டாம் உலக யுத்தகாலத்துச் சிறைக் கதை. பார்த்தவர்கள் நாலு பேர், அதில் ஒருவர் நித்திரை. அண்ணை, அந்தப் படத்தில் சண்டை இல்லை, பாட்டு இல்லை, ஒருவரும் ஓவென்று அழவில்லை. யுத்தம் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமாக மட்டும் கேட்டது. ஒரு மனிதன் கையால் ஏதோ செய்துகொண்டே இருந்தான். எனக்குக் கதிரையில் இருக்க முடியவில்லை. அது முடிந்து வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றவன், வந்த இரண்டு பஸ்ஸையும் ஏறாமல் விட்டுவிட்டேன். போட்டோக் கடையில் பகல் முழுக்க ஊர் முகங்களைக் கழுவிக் கொடுக்கிறவன் நான். எல்லா முகமும் கமராவைக் கண்டதும் சிரிக்கிறது. எனக்கு முகம் அலுத்துப்போயிற்று.

உங்களுடைய முகம் நல்ல முகம். பிரச்சினையே அதுதான். பயம் என்று நான் சொல்ல முதலே உங்களுடைய கண் உருளுகிறது, புருவம் ஏறுகிறது, கடைசி வரிசையில் இருக்கிற கிழவிக்கும் தெரியவேண்டும் என்று வாய் துடிக்கிறது. பதினொரு வருட ராஜபார்ட் எங்கே போகும்? ஆனால் உங்களுடைய கைக்கு நடிக்கத் தெரியாது. அது தச்சனின் கை. சுரண்டு என்றால் சுரண்டும். அழவேண்டியவர் பார்க்கிறவர், அண்ணை. நீங்களே அழுது முடித்தால் அவருக்கு என்ன வேலை?

வீட்டுக்கார கிளடிஸ் அன்ரி மேலே இருந்து சுரண்டுகிற சத்தத்தைக் கேட்டு எலி என்று முடிவுகட்டிவிட்டா. மாடிப்படியில் ஐந்து எலிப்பொறி வைத்திருக்கிறா. வரும்போது காலைப் பார்த்து வையுங்கள்.

வருவீர்கள் என்று நம்புகிற,
கோணேஸ்


விட்பி
09.07.1996

கோணேஸ்வரன்,

வருகிறேன். உம்முடைய விளக்கத்துக்காக என்று நினைக்காதேயும். உம்முடைய கடிதத்தை மனோரஞ்சிதம் படித்துவிட்டு இரண்டு தரம் சிரித்தாள், பிறகு, "சனிக்கிழமையில வீட்டில நிண்டு என்ர உயிரை எடுக்காமல் அங்க போய்ச் சுரண்டுங்கோ" என்று சொல்லிவிட்டாள். பெண்சாதியின் வாக்கு.

ஆனால் நாய் வேண்டும். நாய் இல்லாமல் இந்தக் கதையை நான் ஒருநாளும் சொன்னதில்லை. மில்லிக்கனில் கல்யாண வீடியோ எடுக்கிற பொடியன் ஒருவன் இருக்கிறான். மாப்பிள்ளை பொம்பிளைக்கு மேலே ரோசாப்பூ விழுகிற மாதிரி கொம்பியூட்டரில் செய்கிறான். பூவுக்குப் பதிலாக மழை விழுத்தச் சொல்லலாம், நான் கேட்டுப் பார்க்கிறேன். என் பெயர் கொட்டை எழுத்தில் வரவேண்டும். முகம் இல்லாவிட்டால் பெயராவது பெரிதாக இருக்கட்டும்.

இன்னொன்று. நீர் சுவரில் சாய்த்து வைத்திருக்கிற அந்த மட்டைக் கதவைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. கதவை நான் செய்து தருகிறேன். அந்தக் கதவு பத்து வருடமாக என் கண்ணுக்குள் நிற்கிறது. அளவுநாடாவே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். ஊரில் இருந்த என் உளிப்பெட்டி மட்டும் இருந்திருந்தால் இன்னும் திறமாகச் செய்யலாம். பதினெட்டு உளி, எல்லாம் என் கையால் பிடி போட்டது. நான் உள்ளே இருந்த நேரம் வீடு சோதிக்க வந்த ஆமி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று மனோரஞ்சிதம் சொன்னாள். தூக்கினவனின் கை விளங்காமல் போக.

நாயை மறக்கவேண்டாம்.

இரத்தினவேல்


அஜின்கோர்ட்
29.07.1996

அன்புள்ள அண்ணை,

கதவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நீங்களும் உங்கள் பக்டரி நண்பரும் அதை வானில் இருந்து இறக்கின நேரம் கிளடிஸ் அன்ரி சிலுவைக் குறி போட்டுக்கொண்டா. நிலையும் கதவுமாக, வெளிப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாளும் போட்டு, பேஸ்மென்றில் நட்டுவைத்த பிறகு எனக்கே அங்கே படுக்கப் பயமாக இருக்கிறது.

அன்ரிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நீங்கள் வந்துபோன அடுத்தநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தவ, எலி பிடிக்கிறவனையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினா. நான் நெருக்கமான காட்சி ஒன்றுக்காக அவவுடைய உண்மையான சுவரையே கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். எலி பிடிக்கிறவன் வந்த வழியே திரும்பிப் போய்விட்டான். அன்ரி மட்டும் நின்றா. "கோணேஸ், உனக்கு வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று மெதுவாகத்தான் கேட்டா, அதுதான் பயமாக இருந்தது.

ஆனால் ஒரு அதிசயம், அண்ணை. அவ கோயிலுக்குப் போடுகிற குதிச்செருப்போடு படியில் இறங்கிவந்த சத்தம்! டொக், டொக், டொக். பிறகு நிற்கும். பிறகு ஒரு டொக். காவலாளி வருகிற சத்தத்தை மூன்று மாதமாகத் தேடினேன், அது எனக்கு மேல்மாடியில்தான் வாடகை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். இப்போது அவதான் எங்கள் காவல். நேற்று ஒத்திகையில், படியால் இறங்கி, தாழ்ப்பாளை இழுத்துப் போட்டுவிட்டு, "ஆமிக்காரன் உதைவிடக் கோவமாய் நடப்பானோ?" என்று கேட்கிறா.

ஒரு சின்ன விசயம். தாழ்ப்பாளை இழுத்தால் டக்கென்று நல்ல சத்தம் வருகிறது. ஆனால் அதன் நாக்குப் போய் விழுவதற்கு நிலையில் துளை இல்லை. வெறுங்காற்றில்தான் நிற்கிறது. கதவைத் தள்ளினால் திறக்கிறது. அவசரத்தில் மறந்துவிட்டீர்களாக்கும். சனிக்கிழமை வரும்போது துளைக்கிற மெஷினையும் கொண்டு வாருங்கள்.

கோணேஸ்


விட்பி
02.08.1996

கோணேஸ்வரனுக்கு,

கொல்லன் தெருவில் ஊசி விற்க வரவேண்டாம். முப்பது வருடமாக மரத்தோடு சீவிக்கிறவனுக்கு, போட்டோக் கடைக்காரர் கதவைப் பற்றிப் படிப்பிக்கிறார்.

துளை மறக்கப்படவில்லை. படத்துக்குத் துளை தேவையில்லை. கையை மட்டும் எடுக்கிறவருக்குத் துளை எதற்கு? நாய் கேட்டேன், தரவில்லை. மழை கேட்டேன், தரவில்லை. நான் கேட்காத துளையை மட்டும் கேட்கிறீர்.

இந்தச் சனிக்கிழமை வரமாட்டேன். அடுத்த சனிக்கிழமையும் வேலை இருக்கிறது. அதற்கடுத்த சனிக்கிழமையும்.

இரத்தினவேல்


அஜின்கோர்ட்
12.08.1996

அன்புள்ள அண்ணை,

நீங்கள் வராததால் துளையை நானே போடலாம் என்று பென்சிலால் அடையாளம் வைத்தேன். போட முதல், எடுத்த வீடியோவை எல்லாம் திரும்பப் பார்த்தேன். இரண்டு சனிக்கிழமை, அந்தக் கதவோடு நாங்கள் எடுத்தது.

காட்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காவலாக நான் வருவேன், சோற்றுக் கோப்பையை வைப்பேன், வெளியே போய்த் தாழ்ப்பாளைப் போடுவேன். டக். காலடி தேயும். அதன்பிறகு உங்கள் கை கரண்டியை எடுக்கவேண்டும். நாற்பது தரம் அப்படியே எடுத்தது. நாற்பத்தோராவது தரம் கை கரண்டிக்குப் போகவில்லை, அண்ணை. நீங்கள் களைத்துப்போய் இருந்தீர்கள். உங்களுக்கே தெரியாமல் அது கதவுக்குப் போனது. ஒரு விரலால் மெல்லத் தொட்டது. உடனே, அடுப்பில் வைத்தது மாதிரி இழுத்துக்கொண்டது. நான் அப்படிச் செய்யச் சொல்லவே இல்லை.

அந்தத் துண்டைப் பதினாறு தரம் பார்த்தேன். பிறகு பென்சில் அடையாளத்தை அழித்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். கோபம் என்றால் பதில் போடவேண்டாம், நான் திரும்பக் கேட்கமாட்டேன்.

அண்ணை, அந்தக் கதவு பூட்டியிருந்ததா?

கோணேஸ்


விட்பி
26.08.1996

தம்பி கோணேஸ்,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. கடித உறையில் இருக்கிற பக்டரி விலாசத்துக்கு எழுது. உன் கடைசிக் கடிதத்தை மனோரஞ்சிதம் உடைக்க முதல் நான் பறித்தேன். "என்ன, காதல் கடிதமோ?" என்று கேட்டாள். அப்படி இருந்திருந்தால்கூட இவ்வளவு வியர்த்திருக்காது.

பூட்டியிருக்கவில்லை.

எழுதிவிட்டேன். இரண்டு கிழமையாக இந்த ஒரு சொல்லை எழுதத்தான் பேப்பர் கிழித்துக்கொண்டிருந்தேன்.

நாளுக்கு இரண்டு தரம் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும். டக். பூட்டிவிட்டான் என்று நினைத்தேன். யார்தான் நினைக்கமாட்டான்? பன்னிரண்டாம் நாள் சுரண்டத் தொடங்கினேன். நகம் போயிற்று, பெருவிரலில் இப்போதும் நகம் கோணல்தான், நீ ஆசையாகப் படம் பிடிக்கிற அதே விரல். முப்பத்தோராம் நாள் கம்பி கழன்றது. தலையை விட்டேன், தோளை விட்டேன், இடுப்பில் இறுகிவிட்டது. பாதி இரத்தினவேல் வெளியே, பாதி உள்ளே. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. காலை உதறு உதறென்று உதறினேன். அறை சின்னது, பின்னால் கால் கதவில் பட்டது. கதவு திறந்தது.

நெளிந்து நெளிந்து உள்ளே வந்து பார்த்தேன். தாழ்ப்பாளின் நாக்கு விழுகிற இடத்தில் நிலையைக் கறையான் தின்று முடித்திருந்தது. அவன் பாவி ஒவ்வொரு தரமும் ஒழுங்காகத்தான் இழுத்திருக்கிறான், அது காற்றில் நின்றிருக்கிறது. கறையான் ஒரு நாளில் அந்த வேலை பார்க்காது, தம்பி. ஒரு மாதத்திலும் பார்க்காது. என்னைக் கொண்டுவந்து போட்ட அன்றைக்கே அது அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். ஒரு தச்சனைக் கொண்டுபோய் ஒரு கதவுக்குள் விட்டிருக்கிறார்கள், அவன் அதை ஒருதரம் தள்ளிப் பார்க்கவில்லை.

இன்னும் கேள். திறந்த கதவைக் கண்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பச் சாத்தினேன். பயத்தில். சாத்திவிட்டு அதற்கு முன்னால் குந்தியிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் எல்லாரும் அடுப்படிப் பக்கம் போன பிறகுதான் வெளியே வந்தேன். ஓடவில்லை. நடந்தேன். மதில் பாயவில்லை, வாசலால் வந்தேன். நாய் நின்றது. வாலை ஆட்டியது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்று சிரிப்பாய். சிரி. ஊர் சிரித்தால்கூட எனக்குக் காரியமில்லை. பதினோராம் நாள் சஜிதா பிறந்தாள் என்றேனே. ஊரடங்கு நேரம். வீட்டில் ஆம்பிளை இல்லை. மனோரஞ்சிதம் வலியில் கத்திய அந்த நேரம் அவளுடைய புருசன் மூன்று மைல் தூரத்தில், பூட்டாத கதவுக்குப் பக்கத்தில் பாயில் கிடந்தான். இதை அவளுக்கு எப்படிச் சொல்வேன்? நாயும் மதிலும் அதற்காகத்தான் வந்தன. கதை பெரிதாக இருந்தால் கேட்கிறவர்கள் கதவைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். பத்து வருடம் ஒருவரும் கேட்கவில்லை. நீதான் கேட்டாய்.

துளையைப் போட்டுவிடு, தம்பி. கும்பிட்டுக் கேட்கிறேன்.

அண்ணன்,
இரத்தினவேல்


அஜின்கோர்ட்
03.09.1996

அன்புள்ள அண்ணை,

நான் சிரிக்கவில்லை. இடுப்பு இறுகின இடத்தில் மட்டும் கொஞ்சம்.

உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு கடையில் இரண்டு பேருடைய கல்யாணப் படங்களை மாற்றிக் கழுவிவிட்டேன். சாத்தினீர்களா, அண்ணை! திறந்த கதவைத் திரும்பச் சாத்தினீர்களா! நானும் ஒரு வருடமாக இந்தப் படத்தின் முடிவைத் தேடினேன். கம்பியைப் பிடுங்குகிறதில் முடிப்பதா, மதிலில் கை படுகிறதில் முடிப்பதா என்று காகிதம் காகிதமாக எழுதினேன். எல்லாம் ராஜபார்ட். ஒரு கை திறந்த கதவைச் சாத்துகிறது என்பதை என்னால் நூறு வருடம் இருந்து யோசித்தாலும் எழுத முடியாது.

ஆனால் உங்களுடைய வாழ்க்கை என் படத்தைவிடப் பெரியது. நீங்கள் சொன்னபடி துளை போடுகிறேன். மெஷின் மேசையில் இருக்கிறது. ஒக்டோபர் இருபத்தாறு, சனிக்கிழமைக்கு ஸ்காபரோவில் மண்டபம் எடுத்தாயிற்று. அதற்கு முதல் முடிவுக் காட்சியை எடுக்கவேண்டும். துளை போட்ட கதவோடு எடுத்தால் கைதி யன்னலால் போவான். யாருக்கும் ஒன்றும் தெரியாது. துளை இல்லாமல் எடுத்தால் நீங்கள்தான் வந்து செய்யவேண்டும், வேறு கையால் அதைச் செய்விக்கமாட்டேன். நீங்கள் இல்லை என்றால் அந்த முடிவே இல்லை. சத்தியம்.

பக்டரி விலாசத்தில் உங்களுடைய பெயருக்கு முன்னால் மிஸ்டர் போட்டிருக்கிறேன், சுப்பவைசர் கொஞ்சம் மரியாதை வைக்கட்டும்.

கோணேஸ்


விட்பி
12.09.1996

கோணேஸ்,

துளை போடாதே. சனிக்கிழமை வருகிறேன்.

ஏன் என்று கேட்காதே, எனக்கே சரியாகத் தெரியவில்லை. நேற்று பக்டரியில் அறுபது அலுமாரிக் கதவுக்குப் பிணைச்சல் மாட்டினேன். ஒவ்வொன்றையும் மாட்டிவிட்டுத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பத்து வருடமாக இப்படித்தான் பார்க்கிறேன் என்று நேற்றுத்தான் கவனித்தேன்.

மனோரஞ்சிதத்துக்கு வாயால் சொல்ல என்னால் ஏலாது. வாயைத் திறந்தால் நாய் வந்துவிடும். அவள் மண்டபத்தில் இருந்து பார்க்கட்டும். ஆனால் என் பெயரைப் போடாதே. முகம் ஒரு துளிகூடத் தெரியக்கூடாது. காது தெரிந்தாலும் வெட்டிவிடு.

இரத்தினவேல்


அஜின்கோர்ட்
14.10.1996

அன்புள்ள அண்ணை,

படம் வெட்டி ஒட்டி முடிந்தது. நாற்பத்தொரு நிமிடம். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. பெயர் போடவில்லை. காதும் இல்லை.

கடைசிக் காட்சி எடுத்த அன்றைக்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்க மறந்துவிட்டேன். கதவைச் சாத்தின பிறகு "கட்" சொல்லவேண்டியது என் வேலை. என்னால் சொல்ல முடியவில்லை. ஏழு நிமிடம் கதவுக்கு முன்னால் இருந்தீர்கள். கமராவில் கை மட்டும்தான் இருக்கிறது, மேலே என்ன நடந்தது என்பதை நான் மட்டும் பார்த்தேன், அதை ஒருவருக்கும் சொல்லமாட்டேன். படியில் நின்ற கிளடிஸ் அன்ரியும் பார்த்தா. அவ செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சத்தம் இல்லாமல் மேலே போனா. அதுதான் அவவுடைய நல்ல நடிப்பு, அதை எடுக்க எனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை.

ஐந்தாம் திகதி சஜிதாவின் பிறந்தநாளில் நானும் இருந்தேனே. கேக் வெட்டி முடிய எல்லாரும் கதிரையைத் திருப்பிப் போட்டு உங்களைப் பார்க்க, நீங்கள் தொண்டை நோ என்றீர்கள். ரஞ்சிதம் அக்கா உடனே போய் மல்லி அவித்துக்கொண்டு வந்து தந்தா. நீங்கள் அந்தக் கோப்பையைக் குடித்த மாதிரி ஒருவர் நஞ்சைக்கூடக் குடிக்கமாட்டார்.

அண்ணை, இன்னும் நேரம் இருக்கிறது. வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை. மண்டபத்துக்கு வருகிறவர்களுக்கு ரோல்ஸைக் கொடுத்து, புரொஜெக்ரர் பழுது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

கோணேஸ்


விட்பி
28.10.1996

அன்புள்ள தம்பி கோணேஸ்,

படம் முடிந்ததும் நாங்கள் சொல்லாமல் வெளிக்கிட்டதற்குக் கோபிக்காதே. மனோரஞ்சிதம் எழும்பிவிட்டாள், நானும் எழும்பினேன்.

முதலில் உன் படத்தைப் பற்றி. நான் எண்ணினேன், முப்பத்தேழு பேர். பத்தாம் நிமிடம் எனக்குப் பின்னால் ஒருவர், "உது எப்ப தொடங்கும்?" என்று கேட்டார். இருபதாம் நிமிடம் அவரே, "கதாநாயகன் வரப் பிந்துதாக்கும்" என்றார். காலடி கேட்கிற ஒவ்வொரு தரமும் கிளடிஸ் அன்ரி பக்கத்தில் இருந்தவருக்கு, "உது நான்தான்" என்றா. ஆனால் முப்பதாம் நிமிடத்துக்குப் பிறகு ஒருவரும் ரோல்ஸ் கடிக்கவில்லை. கதவு திறந்தது. கை அதைத் திரும்பச் சாத்தியது. எனக்குப் பின்னால் இருந்த அதே மனிசன், "ஐயோ" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பதினொரு வருடம் ராஜபார்ட் கட்டினேன், தம்பி, என் முகத்தைப் பார்த்து ஒருவன் அப்படி ஐயோ என்று சொன்னதில்லை. உன்னோடு முகத்துக்காகச் சண்டை பிடித்ததை இதோடு வாபஸ் வாங்குகிறேன்.

மனோரஞ்சிதம் திரையைப் பார்க்கவில்லை. கடைசி ஏழு நிமிடமும் என் மடியில் இருந்த கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

401 பெருந்தெருவில் ஏறினோம். பிக்கறிங் தாண்டியது. ஏஜாக்ஸ் தாண்டியது. பின்சீற்றில் இருந்து சஜிதா, "அப்பா, வை டிடின்ட் யூ ஜஸ்ட் ட்ரை த டோர்?" என்று கேட்டாள். பத்து வயதுப் பிள்ளை. கதவை ஏன் தள்ளிப் பார்க்கவில்லை என்று பத்து வருடமாக நான் பயந்த கேள்வியை, சொக்லெற் கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டாள்.

"சத்தம் கேட்டது, பிள்ளை. பூட்டியிருக்கு எண்டு நினைச்சுப்போட்டன்" என்றேன். இவ்வளவுதான் வந்தது. நாய் வரவில்லை.

வீட்டு வாசலில் காரை நிற்பாட்டினேன். ஒருவரும் இறங்கவில்லை. அப்போது மனோரஞ்சிதம் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உங்கட உளிப்பெட்டியை ஆமி எடுக்கேல்லை."

எனக்கு விளங்கவில்லை.

"அண்டைக்கு ஊரடங்குக்குள்ள மருத்துவிச்சி வரமாட்டன் எண்டு நிண்டவ. அவவின்ர மனுசனும் தச்சுவேலைதானே, பெட்டியைத் தந்தால் கூட்டிக்கொண்டு வாறன் எண்டார். தூக்கிக் குடுத்திட்டன். நீங்கள் திரும்பி வருவியள் எண்டு நான் நினைக்கேல்லை."

கடைசி வசனத்தைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது. பத்து வருடமாக அவள் மறைத்தது பெட்டியை இல்லை, தம்பி, அந்த வசனத்தை. நான் வருடா வருடம் கேக்குக்கு முன்னால் நின்று உளிப்பெட்டி தூக்கினவனின் கை விளங்காமல் போக என்று சபித்தபோதெல்லாம் அவள் குனிந்து கேக் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். நானும் அவள் துக்கப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன். பாவம், அந்த மருத்துவிச்சியின் புருசன் இப்போது என்ன கையோடு இருக்கிறாரோ.

நான் அழுதேன். நடிக்கவில்லை, உனக்குக் காட்டியிருந்தால் நீயே எடுத்திருப்பாய். அவள் அழுதாள், பிறகு, "இடுப்பில இறுகினதோ?" என்று கேட்டாள். அது படத்தில் இல்லையே, எப்படித் தெரியும் என்று கேட்டேன். "யன்னல் கம்பி கழண்ட பிறகும் ஆள் கதவால வாறார் எண்டால் வேற என்ன? அப்பவும் உங்களுக்கு இடுப்புப் பெரிசுதானே" என்றாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு வெளிச்சம் எரிந்தது.

அடுத்த பிறந்தநாளுக்குக் கதையை இரண்டு பேருமாகச் சொல்வது என்று பேசியிருக்கிறோம். சுவர் எனக்கு, உளிப்பெட்டி அவளுக்கு. அவளை நீ படம் எடுக்க நினைத்தால் முகத்தோடுதான் எடுக்கவேண்டுமாம், இப்போதே சொல்லிவிடச் சொன்னாள். கையை மட்டும் கேட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடாதே.

கதவை அன்ரியின் பேஸ்மென்றிலேயே வைத்திரு. பிறகு பார்க்கலாம்.

சொல்ல மறந்தேன். காரால் இறங்கி வீட்டுப்படி ஏறி, நான் பொக்கற்றில் வீட்டுத் திறப்புக் கொத்தைத் தேடினேன். மனோரஞ்சிதம் என் கையைப் பிடித்தாள்.

"பொறுங்கோ. முதல்ல ஒருக்கா தள்ளிப் பாருங்கோ."

தள்ளிப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது.

உன் அண்ணன்,
இரத்தினவேல்